இரண்டாவது பழுதுக்குத்தான் வாரண்டி

இந்த வருடம் கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு,



லேப்டாப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. கம்பெனி சர்வீஸ் சென்டர் அல்ல; மதர்போர்டை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து, கருகிப்போன பொடிப் பாகங்களைத் தேடி மாற்றுகிற தனிக்கடை. வாரண்டி உள்ள லேப்டாப் எங்கள் கடைப் படி ஏறாது. அது முடிந்த பிறகுதான் உங்களுக்கு எங்கள் விலாசம் தேவைப்படும். நீங்கள் எல்லோரும் மூன்று வருட வாரண்டி எடுத்துக்கொண்டால் குறையப் போவது என் வருமானம்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கவுன்சலிங் முடிந்து வகுப்பு தொடங்குகிற சமயமும் ஆடித் தள்ளுபடியும் ஒட்டி ஒட்டியே வருகின்றன. பிள்ளை ஒரு மாடலை முன்பே பார்த்து வைத்திருக்கும். நீங்கள் சீட்டு எடுத்தோ, தவணையிலோ, நகையை வைத்தோ பணம் புரட்டியிருப்பீர்கள். பில் போடுகிற நேரத்தில் கடைக்காரர் கேட்பார்: "சார், எக்ஸ்டெண்டட் வாரண்டி சேத்துடலாமா? இன்னும் ரெண்டு வருஷத்துக்கு அஞ்சாயிரம்தான்." தலையில் கட்டப் பார்க்கிறார் என்று ஒரு மனம் சொல்லும். வேண்டாமென்று சொல்லி நாளைக்கே கெட்டுப்போனால் என்று இன்னொரு மனம் பயப்படும். பின்னால் ஆள் நிற்பார்கள். அரை நிமிடத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு வருவீர்கள். அந்த அரை நிமிடம் வருவதற்கு முன்பே உங்கள் கையில் கிடைக்கட்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில் வெறும் கணக்கு. ஒரு பேச்சுக்கு லேப்டாப் விலை 55,000 ரூபாய் என்று வையுங்கள். மதர்போர்டு போனால் கம்பெனியில் மாற்ற 25,000. கூடுதல் இரண்டு வருட வாரண்டிக்கு 5,000. இந்த 5,000 கட்டுப்படியாக வேண்டுமானால், ஐந்து லேப்டாப்பில் ஒன்றுக்காவது அந்த இரண்டு வருடத்தில் போர்டு போக வேண்டும். போகுமா? 2009-இல் ஸ்கொயர்டிரேட் என்ற அமெரிக்க நிறுவனம் முப்பதாயிரம் லேப்டாப்களின் விவரத்தை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்று ஆண்டுக்குள் 31 சதவீதம் பழுதாகின்றன என்றது. அதில் ஏறக்குறைய 20 தானாக வந்த கோளாறு. மற்றது கீழே போட்டதும் தண்ணீர் கொட்டியதும். அந்த 20-லும் ஒரு பங்கு முதல் வருட இலவச வாரண்டிக்குள்ளேயே வந்துவிடும். மிச்சத்திலும் ஃபேன், கீபோர்டு, ஹார்ட் டிஸ்க் என்று சில ஆயிரத்தில் முடிகிறவை உண்டு. இத்தனைக்கும் ஸ்கொயர்டிரேட்டின் தொழிலே வாரண்டி விற்பதுதான். பழுதைக் குறைத்துச் சொல்ல அவர்களுக்குக் காரணமே கிடையாது. ஆகவே சராசரிக் கணக்கில் லாபம் விற்பவருக்கே. லாபமில்லாவிட்டால் எந்தக் கடைக்காரரும் இவ்வளவு ஆசையாகக் கேட்கமாட்டார்.

ஆனால் எந்த வீடும் சராசரியில் ஓடுவதில்லை. பருவத் தேர்வுக்கு முந்தின வாரம் திடீரென்று 25,000 ரூபாய் செலவு வந்தால் சமாளிக்கிற வீடு உண்டு. வட்டிக்கு வாங்குகிற வீடும் உண்டு. முதல் வீடு வாரண்டிப் பணத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது வீடு யோசிக்க வேண்டும். இதுவரை சொன்னதை விவரம் தெரிந்த யாரும் உங்களுக்குச் சொல்வார்கள். நான் எழுத உட்கார்ந்தது இதற்கு அடுத்த விஷயத்துக்காக.

ஒருமுறை கெட்டுப்போவதை எப்படியும் தாங்கிவிடலாம். கெட்டதைச் சரிசெய்து, பணத்தை எண்ணிக் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோன சில மாதத்தில் அதே கோளாறு திரும்ப வருகிறதே, அதைத்தான் தாங்க முடிவதில்லை. பணமும் போய், படிப்பு நாளும் போய், இனி இதில் மேற்கொண்டு போடுவதா, தூக்கிப் போடுவதா என்று தெரியாமல் நிற்கிற பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன். எக்ஸ்டெண்டட் வாரண்டியின் உண்மையான மதிப்பு முதல் பழுதில் இல்லை. இரண்டாவது பழுதில் இருக்கிறது.

பழுது ஏன் திரும்பி வருகிறது? மூன்று காரணங்களைச் சொல்வேன்.

ஒன்று, வடிவமைப்பிலேயே குறை. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம் தன்னுடைய சில லேப்டாப் கிராபிக்ஸ் சிப்கள் வழக்கத்துக்கு மீறிக் கெட்டுப்போவதாக ஒப்புக்கொண்டு, அதற்கான செலவுக்கு 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. சிப்பைப் பொதிந்து இணைத்திருந்த பொருள் பலவீனமானது. லேப்டாப்பை இயக்கினால் சிப் சூடாகும், அணைத்தால் ஆறும். இப்படிச் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உள்ளேயிருந்த சால்டர் பொட்டுகள் விரிசல் கண்டன. திரையில் கோடு விழும், பிறகு திரையே வராது. டெல், எச்.பி., ஆப்பிள் மூன்றுமே இதில் மாட்டிக்கொண்டன. உங்கள் லேப்டாப்களுக்குப் பாதிப்பில்லை என்று என்விடியா ஆப்பிளுக்கு உறுதி சொல்லியிருந்தது. ஆப்பிள் தானே ஆராய்ந்து பார்த்து, அதே வருடம் அக்டோபரில், பாதிப்பு உண்டு என்று அறிவித்தது. வாரண்டி முடிந்திருந்தாலும் வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுவரை இலவசமாகச் சரிசெய்து தருவதாகச் சொன்னது. அந்தக் காலம் பின்னர் நான்கு ஆண்டாக நீண்டது. இதில் கவனிக்க வேண்டியது, போர்டை மாற்றினாலும் வருகிற போர்டில் அதே வகைச் சிப் இருந்தால் அதே முடிவுதான் என்பது.

ஆப்பிளின் கீபோர்டு கதை இன்னும் தெளிவானது. 2015-இல் மெல்லிய மேக்புக்கில் பட்டர்ஃபிளை என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தார்கள். பொடித் தூசி உள்ளே போனாலே போதும், எழுத்து விழாது. அல்லது ஒன்றுக்கு இரண்டாக விழும். 2018 ஜூனில், வாங்கி நான்காண்டு ஆகாதவற்றுக்கு இலவசப் பழுதுபார்ப்பு அறிவித்தார்கள். ஆனால் கெட்ட பட்டர்ஃபிளையை எடுத்துவிட்டுப் போட்டதும் பட்டர்ஃபிளைதான். 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில்தான் பழைய வகை அமைப்புக்குத் திரும்பினார்கள். அமெரிக்காவில் நடந்த வழக்கில், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலேயே, 2022-இல் 5 கோடி டாலருக்கு ஆப்பிள் சமரசம் பேசியது. அந்தச் சமரசத்தின் கணக்கைப் பாருங்கள்: ஓரிரு கீ மட்டும் மாற்றியவர்களுக்கு 50 டாலர் வரை, ஒருமுறை முழுக் கீபோர்டை மாற்றியவர்களுக்கு 125 வரை, ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்றியவர்களுக்கு 395 வரை. எதை மாற்றினார்கள், எத்தனை முறை மாற்றினார்கள் என்பதை வைத்தே தொகையைப் பிரித்தார்கள்.

இரண்டாவது காரணம், விளைவைச் சரிசெய்துவிட்டு மூலத்தை விட்டுவிடுவது. கீல் உடைவது நல்ல உதாரணம். மூடியின் இரும்புக் கீலை அடிப்பக்கத்தில் பிடித்திருப்பது பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளைத் திருகுக் குழாய்கள். கீல் இறுகிப்போனால், மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழாய் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கும். ஒரு நாள் வந்துவிடும். புதுப் பிளாஸ்டிக் உறையை மாட்டிக் கொடுத்துவிட்டு, கீலின் இறுக்கத்தைத் தளர்த்தாமல் விட்டால், அதுவும் அதே இடத்தில் உடையும். கூடவே கீல் வழியாகப் போகிற டிஸ்பிளே கேபிளும் நசுங்கும். சூட்டுக் கோளாறும் இதே கதைதான். மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்தி, காற்று போகும் வழி பஞ்சால் அடைத்து, தெர்மல் பேஸ்ட் காய்ந்து, போர்டு வெந்துபோகும். போர்டை மாற்றிவிட்டு ஃபேனைத் திறந்து பார்க்காத மெக்கானிக், உங்களுக்கு அடுத்த பழுதையும் சேர்த்தே கொடுத்தனுப்புகிறார்.

எங்கள் தொழில் ரகசியம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிராபிக்ஸ் சிப் போன போர்டுக்குச் சிலர் 'ஹீட் அடிப்பார்கள்'. ஹீட் கன்னால் சூடுகாட்டினால் திரை வந்துவிடும்; வாடிக்கையாளர் மகிழ்ந்து பணம் கொடுப்பார். அது சில வாரம், அதிகம் போனால் சில மாதம் ஓடும். உள்ளே இருக்கும் விரிசல் போகவில்லை, தற்காலிகமாக ஒட்டியிருக்கிறது, அவ்வளவே. குறைந்த கூலிக்கு உடனே சரியான போர்டு என்றால், என்ன செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மூன்றாவது காரணம், மாற்றித் தருகிற பாகமே பழையதாக இருக்கலாம். வாரண்டி விதிகளைப் படித்தால், மாற்றுப் பாகம் புதியதாகவோ, பழுதுநீக்கிப் புதுப்பித்ததாகவோ இருக்கும் என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். இது சட்டவிரோதம் அல்ல. ஆனால், ஏற்கெனவே ஒரு லேப்டாப்பில் கெட்டு, சரிசெய்யப்பட்ட போர்டு உங்கள் பிள்ளையின் லேப்டாப்புக்குள் வரக்கூடும் என்பது இதன் பொருள். வாரண்டி முடிந்தபின் காசு கொடுத்து மாற்றினால், அந்தப் பாகத்துக்குச் சில மாத உத்தரவாதம்தான் கிடைக்கும். அது முடிந்தபின் மறுபடி போனால் மறுபடி முழுப் பணம்.

இந்த இடத்தில்தான் நீண்ட வாரண்டி வேலை செய்கிறது. வாரண்டிக்குள் இருந்தால் இரண்டாவது போர்டும் மூன்றாவது போர்டும் அவர்கள் செலவு. திரும்பத் திரும்ப மாற்றுவது அவர்களுக்கே நஷ்டம் என்பதால், ஏதோ ஒரு கட்டத்தில் லேப்டாப்பையே மாற்றித் தருவது மலிவு என்ற முடிவுக்கு வர வாய்ப்பு உண்டு. உங்கள் பணத்தில் பழுது பார்க்கும்போது அந்த நெருக்கடி அவர்களுக்குக் கிடையாது.

அப்படியானால் கவுன்டரில் கேட்டதும் சரி என்று சொல்லிவிடலாமா? வேண்டாம். மூன்று வகை வாரண்டியை ஒரே பெயரில் விற்கிறார்கள். தயாரித்த நிறுவனமே தருவது ஒன்று. அது லேப்டாப்பின் சீரியல் நம்பரோடு சேர்ந்திருக்கும், நிறுவனத்தின் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். கடையோ இணைய விற்பனைத் தளமோ மூன்றாவது நிறுவனத்தின் பெயரில் விற்பது இன்னொன்று; இதில் ஒவ்வொரு வருடத்துக்கும் மதிப்பைக் கழித்து, மிச்சத்துக்குக் கூப்பன் தருகிற விதி இருக்கலாம். மூன்றாவது, கீழே விழுந்தாலும் தண்ணீர் கொட்டினாலும் ஈடு தருகிற விபத்துப் பாதுகாப்பு. இது தனி, வாரண்டிக்குள் தானாக வராது. விடுதியில் ஆறு பேர் ஒரே அறையில் இருந்து, டீ டம்ளரும் லேப்டாப்பும் ஒரே மேசையில் இருக்கப் போகின்றன என்றால், மூன்றாவதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

தயாரித்த நிறுவனத்தின் வாரண்டியை எடுப்பதென்றால், பல பிராண்டுகளில் அதை வாங்கும் அன்றே எடுக்க வேண்டியதில்லை. முதல் வருட வாரண்டி முடிவதற்குள் எடுத்தால் போதும். விலை கொஞ்சம் கூடலாம். எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும் என்று மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வருடம் லேப்டாப்பே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும். முதல் வருடத்தில் ஒருமுறை போர்டோ, டிஸ்பிளேயோ போய் மாற்றியிருந்தால், யோசிக்காமல் நீட்டித்துவிடுங்கள். ஒரு குறையும் இல்லாமல் ஓடியிருந்தால், உங்கள் கைப்பணத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மாடலைப் பொறுத்தும் முடிவு மாறும். ராமும் எஸ்.எஸ்.டி.யும் கழற்றி மாட்டுகிற மாதிரி உள்ள, கொஞ்சம் தடித்த லேப்டாப் என்றால், பல பழுதுகள் வெளியிலேயே சில ஆயிரத்தில் தீரும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்காத உதிரி குறைவு. எல்லாவற்றையும் போர்டிலேயே சால்டர் செய்த மெல்லிய லேப்டாப் என்றால், ராம் கெட்டாலும் முழுப் போர்டு விலைதான். மெல்லியது வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், வாரண்டிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

எதற்கெல்லாம் வாரண்டி கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று வருட வாரண்டி என்றாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான். பேட்டரி உப்பினால் அதை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், உடனே கழற்றக் கொடுங்கள். கீல் உடைந்தால் 'வாடிக்கையாளர் செய்த சேதம்' என்று எழுதிவிடப் பார்ப்பார்கள். வெளியில் அடிபட்ட தடம் எதுவும் இல்லை என்பதைக் கொடுக்கும்போதே புகைப்படம் எடுத்து வையுங்கள். உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு எந்த வாரண்டியும் பொறுப்பல்ல. கெட்ட எஸ்.எஸ்.டி.யை அவர்கள் எடுத்துக்கொண்டு புதிதைத் தருவார்கள். புராஜெக்ட் ரிப்போர்ட் அதோடு போய்விடும். வாரம் ஒருமுறை வேறொரு இடத்தில் நகல் எடுத்து வைக்கப் பிள்ளையைப் பழக்குங்கள்.

இனி, காகிதம். ஒவ்வொரு முறை சர்வீஸுக்குக் கொடுக்கும்போதும் ஜாப் ஷீட் வாங்குங்கள். அதில் 'சிஸ்டம் ப்ராப்ளம்' என்று பொத்தாம் பொதுவாக எழுத விடாதீர்கள். 'இயக்கிய அரை மணி நேரத்தில் தானாக அணைகிறது. போன முறையும் இதே குறை' என்று எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன குறை ஒவ்வொரு முறையும் புதுக் குறையாகவே பதிவாகும். மூன்று ஷீட்டில் ஒரே வாசகம் இருந்தால்தான் அது தொடர்ந்து வரும் குறை.

இது ஏன் முக்கியம் என்றால், நம் நாட்டுச் சட்டம் பழுதை எண்ணிப் பார்ப்பதில்லை. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தில், குறையுள்ள பொருளைப் பழுதுபார்க்க விற்றவருக்கு ஒரு வாய்ப்பு. அதன் பிறகும் குறை தீராவிட்டால், பொருளைத் திருப்பிக் கொடுக்கவோ விலையைக் குறைத்துக் கேட்கவோ வாங்கியவருக்கு உரிமை உண்டு. நம் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஓர் எண்ணிக்கை இல்லை. ஆனால் குறையை நீக்கு, பொருளை மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பிக் கொடு, இழப்பீடு கொடு என்று உத்தரவிட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. இதில் எதைக் கொடுக்கச் சொல்வது என்பது நீங்கள் காட்டுகிற காகிதத்தைப் பொறுத்தது.

ஆணையம் என்றதும் மிரள வேண்டாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் உங்கள் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுக்கலாம். லேப்டாப் வாங்கிய ஊருக்கோ, கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ஊருக்கோ போக வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் இடமே போதும். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். சர்வீஸ் சென்டருக்கு அலைந்துகொண்டே அந்தக் காலத்தைக் கடத்திவிடாதீர்கள்.

கடைசியாக, இந்த மடலை ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. தன் லேப்டாப் மட்டும் கெட்டவருக்கு அது தலையெழுத்தாகத் தெரியும். அதே மாடலுக்கு அதே குறை என்று பலர் ஒன்றாகச் சொன்னால்தான், குறை லேப்டாப்பின் வடிவமைப்பில் இருக்கிறது என்பது வெளியே வரும். அந்தப் பட்டர்ஃபிளை கீபோர்டு வழக்கு அப்படித்தான் நிலைத்தது. ஒரே வகுப்பில் ஒரே மாடலைப் பல பிள்ளைகள் வாங்குகிறார்கள். உங்கள் வாட்ஸ்அப் குழுவில், எந்த மாடலுக்கு, எந்த மாதத்தில், எந்தக் குறை வந்தது, சர்வீஸ் சென்டர் என்ன எழுதிக் கொடுத்தது என்று ஒரு பட்டியல் போட்டு வையுங்கள். ஒரே குறை உள்ள பல நுகர்வோர், ஆணையத்தின் அனுமதியோடு, எல்லோர் சார்பாகவும் ஒரே மனுவாகக் கொடுக்க நம் சட்டம் வழி வைத்திருக்கிறது. தனியாகப் போகிறவரிடம் இன்னொரு புதுப்பித்த போர்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இருபது ஜாப் ஷீட்டோடு இருபது பேர் வந்தால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

அடுத்த ஆடியில் புதிதாக வாங்க வருகிற பெற்றோருக்கும் அந்தப் பட்டியல் உதவும். எந்த மாடலுக்கு வாரண்டி தேவை, எந்த மாடலை வாங்கவே தேவையில்லை என்பதைக் கடைக்காரரைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள்.

இப்படிக்கு,
லேப்டாப் மெக்கானிக் ஒருவன்